பழசாய்ப் போன பெட்டியும் ஏழாம் கற்பனையும்

(குடும்பங்களுக்கான ஞானப் பாடம்)



களவைத் தடுக்கும் ஏழாம் கற்பனையைப் படிக்கும்போது நம் நினைவு பிறருடைய பொருளின் மேலேயே போகிறது. நம் சொந்தக் காசில் வாங்கிய பொருளை என்ன செய்தாலும் அது நம் இஷ்டம் என்று எண்ணிக்கொள்கிறோம். திருச்சபையின் போதனை அப்படியல்ல. சர்வேசுரன் படைத்த நன்மைகளை எப்படி வாங்குகிறோம், எப்படிக் காக்கிறோம், எப்படிக் கைவிடுகிறோம் என்பதும், அதனால் பிறனுக்கு நேரும் நன்மை தீமையும் அதே கற்பனையில் அடங்கியவை. இந்த உண்மையை நம் வீட்டு ரேடியோ, டெலிவிஷன், கேசட், செல்போன் இவைகளைக் கொண்டு ஆராய்வோம். ஏனென்றால் இந்நாட்களில் வேறெந்தச் சாமானும் இவ்வளவு சீக்கிரம் பழசாய்ப் போவதில்லை.

1. பர்மா பஜார் சொல்லும் சரித்திரம்

துறைமுகத்துக்கு அருகே, பீச் ஸ்டேஷன் எதிரில் உள்ள பர்மா பஜாரை அறியாதவர் நம்மில் இல்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்ட பின், கடை கண்ணிகளை இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்குப் பிழைப்பாக 1960-களின் கடைசியில் தோன்றிய கடை வீதி அது. அங்கே தட்டுகளில் ஏறி இறங்கிய சாமான்களை வரிசையாய்ச் சொன்னால் நம் வீடுகளின் சரித்திரமே வந்துவிடும். முதலில் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் வந்தது. 1980-களில் வீடியோ டெக், அதன்பின் வி.சி.டி., டி.வி.டி., இப்போது செல்போனும் அதன் உறைகளும்.

இவை ஒவ்வொன்றும் வந்தபோது அதிசயமாய் இருந்தது. பிலிப்ஸ் கம்பெனி ஒலிநாடாக் கேசட்டை வெளியிட்டது 1963-ல். அரை நூற்றாண்டு போவதற்குள் அது வீடுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. வி.எச்.எஸ். வீடியோ முறை 1976-ல் பிறந்தது; அந்த வீடியோ டெக்கைக் கடைசியாய்ச் செய்து வந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய வால்வு ரேடியோவை, தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி, கூடத்தில் மேசை விரிப்புப் போட்டு வைத்திருந்த பெரியவர்கள் இன்றும் நம் பங்கில் இருக்கிறார்கள்.

ஆகவே சாமான் பழசாவது புதுமையல்ல. எந்த விதத்தில் பழசாகிறது, அதில் யார் பொறுப்பாளி என்பதைப் பிரித்தறிவதே நமக்கு அவசியம்.

2. பழசாவது மூன்று விதம்

முதலாவது, சாமான் தானே தேய்ந்து பழசாவது. படைக்கப்பட்ட எதற்கும் இது உள்ளது. செல்போனில் உள்ள லித்தியம் பேட்டரி, சுமார் 500 முறை முழுதும் ஏற்றி இறக்கியபின், முன்போல் சக்தியைத் தாங்குவதில்லை. அன்றியும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடற்கரையோரம் குடியிருக்கிற நமக்கு உப்புக்காற்று ஒரு விசேஷச் சத்துரு. அது சர்க்யூட் போர்டின் செம்பையும் ஈயப் பற்றையும் அரித்துவிடுகிறது. பூச்சியும் துருவும் அரிக்கும் பூலோகப் பொக்கிஷத்தைப் பற்றி நமதாண்டவர் மலைப்பிரசங்கத்தில் எச்சரித்தது நம் வீட்டுச் சுவரிலேயே நிறைவேறுகிறது. இதில் யாருக்கும் குற்றமில்லை. துடைத்து, மூடி, கவனமாய் வைத்திருப்பதே நம் கடமை.

இரண்டாவது, சாமான் நன்றாயிருக்க, அதற்குத் துணையானது நின்றுபோவது. மணிலாவிலிருந்து 1969 முதல் ஒலிபரப்பிய ரேடியோ வெரித்தாசின் தமிழ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்ட குடும்பங்கள் நம்மில் அநேகம். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் 30-ம் தேதியோடு நின்றது. நிலையம் இணைய வழிக்கு மாறியது. அன்றிரவு எந்த ரேடியோப் பெட்டியும் கெட்டுப்போகவில்லை. காற்றில் வந்த அலைதான் நின்றது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றதும் அவ்விதமே. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் ஓடாமற் போவதும் இந்த வகையே. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 உள்ள போன்களில் அது நின்றது. போன் கீழே விழவில்லை, உடையவில்லை. ஆனாலும் துபாயிலுள்ள மகன் முகத்தைத் தாய் அதில் பார்க்க முடியாமற் போனது.

இந்த மாறுதலைப் பாவம் என்று சொல்லலாகாது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்ததும், நூல் வலை போய் நைலான் வலை வந்ததும் நம் மக்களுக்கு உதவியே. ஜி.பி.எஸ். கருவியும் வயர்லெஸ் சாதனமும் நடுக்கடலில் உயிர் காக்கின்றன. ஆனால் மாறுதலைக் கொண்டுவருகிறவர்கள், மாற முடியாத வயோதிகரையும் ஏழைகளையும் கணக்கில் வைத்தார்களா என்று கேட்பது நீதி.

மூன்றாவது, மனிதர் வேண்டுமென்றே பழசாக்குவது. 1924-ல் ஐரோப்பாவின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டு அமைத்தார்கள். அதுவரை 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்பை 1,000 மணி நேரமே எரியும்படி செய்யத் தீர்மானித்து, அதிக நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதமும் விதித்தார்கள். நம் காலத்திலும் உதாரணம் உண்டு. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைத்ததை ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாதிருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. உபயோகிப்பவர்களுக்கு அதைத் தெரிவிக்கவில்லை என்பதற்காகப் பிரான்ஸ் தேசம் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரியை மாற்றினால் போதும் என்று அறியாமல் போனையே மாற்றினவர்கள் எத்தனை பேரோ!

இந்த மூன்றாம் விதத்திலே நமக்கும் பங்கு உண்டு. சாமான் தேயவில்லை, துணையும் நிற்கவில்லை, கம்பெனியும் கெடுக்கவில்லை; பக்கத்து வீட்டில் பெரிய டி.வி. வந்தது என்பதற்காகவே நம் டி.வி. நம் கண்ணுக்குப் பழசாகிறது. மகள் கலியாணத்துச் சீர்வரிசையில் போன வருஷத்து மாடல் இருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இப்படிப் பழசாக்குவது நம் வீண்பெருமையே.

3. இலவச டெலிவிஷன் கற்பித்த பாடம்

மேற்சொன்னதை நம் வீட்டுக் கூடத்திலேயே நிரூபிக்கலாம். 2006-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தமிழக அரசு 14 அங்குலக் கலர் டெலிவிஷனை இலவசமாய்க் கொடுத்தது. 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. திருவொற்றியூர்க் குடிசைகளிலும், ராயபுரம் சந்துகளிலும் முதன்முதலாய்ச் சொந்த டி.வி. பார்த்த குடும்பங்கள் அநேகம்.

அந்தப் பெட்டி பின்புறம் புடைத்த பிக்சர் டியூப் உள்ளது. அது வீடு வந்து சேர்ந்த காலத்திலேயே தட்டையான திரைகள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. கேபிள் சட்டம் 2011-ல் திருத்தப்பட்டு, ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறலாயிற்று. 2017-ல் அரசு கேபிளும் டிஜிட்டல் உரிமம் பெற்று செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. தூரதர்ஷனும் தன் பழைய அனலாக் கோபுரங்களைப் பெரும்பாலும் 2022-க்குள் மூடியது. "பழைய டி.வி. இனி உதவாது" என்று அப்போது பலர் பேசிக்கொண்டார்கள்.

உதவாமற் போனதா? இல்லை. செட்டாப் பாக்ஸின் பின்னே சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனைகள் உண்டு. அவைகளை அந்த 14 அங்குலப் பெட்டியில் செருகினால் படமும் சத்தமும் முன்போலவே வந்தன. ஒரு சின்னப் பெட்டி ஒரு பெரிய பெட்டியின் ஆயுளைப் பல வருஷம் நீட்டியது. விசாரித்தவர்கள் அந்த டி.வி.யை வைத்துக்கொண்டார்கள். விசாரியாதவர்கள் காயலான் கடையில் அற்ப விலைக்குப் போட்டுவிட்டு, மாதத் தவணையில் புதிது வாங்கினார்கள்.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் மீனவர் வீட்டில் வருமானம் இல்லை. தவணைக்கோ தடைக்காலம் கிடையாது. மாதம் பிறந்தால் அது வந்து நிற்கும். புதுப் போனுக்காகப் பட்ட கடனைத் தீர்க்க அடுப்பங்கரைச் செலவைக் குறைப்பதும், மனைவியின் நகையை அடகு வைப்பதும் நடக்கிறது. அடகுக்குப் போன தாலிச் சங்கிலி திரும்பி வருமுன்னே அந்தப் போன் பழசாகிவிடுகிறது. குடும்பத் தலைவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

4. வாசலைத் தாண்டிய பிறகு

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். காயலான் கடைக்குப் போன அந்த டெலிவிஷன் என்ன ஆகிறது?

பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிக்கு விலை உண்டு, அதைக் கழற்றிக்கொள்வார்கள். கண்ணாடிக்கு விலை இல்லை. அது உடைந்து குப்பைக்குப் போகிறது. எக்ஸ்-ரே கதிர் வெளியே வராதிருக்க அக்கண்ணாடியின் புனல் போன்ற பின்பாகத்தில் ஈயம் கலந்திருக்கிறது. நூற்றுக்குச் சுமார் 20 பங்கு. வயரின் மேலுள்ள பிளாஸ்டிக்கைக் கொளுத்திச் செம்பெடுத்தால் அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய விஷம் எழும்புகிறது. சர்க்யூட் போர்டைச் சூடாக்கினால் ஈய ஆவி. துளித் தங்கத்துக்காகத் திராவகத்தில் முக்கினால் அந்தத் திராவகம் சாக்கடைக்கு. ஈயம் சிறு அளவில் உடம்பிற் சேர்ந்தாலும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது வைத்தியர்கள் அறிந்த உண்மை. இப்படிப்பட்ட குப்பையைப் பிரிக்கும் இடங்களில் வேலை செய்கிற, வசிக்கிற பிள்ளைகளைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தனி அறிக்கையே வெளியிட்டு எச்சரித்தது.

ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் 2024-ல் வந்த கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் உலகம் வெளியே தள்ளிய மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்துப் பிரித்ததாய்க் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு சொச்சமே. பணக்கார நாடுகளின் விஷக் குப்பை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதியாவதைத் தடுக்க 1989-ல் பாசல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பின்னும் பழைய கம்ப்யூட்டர்கள் வேறு சரக்கின் பெயரில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிச் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டது உண்டு.

நாம் குடியிருக்கும் இந்த வடசென்னையை எண்ணிப் பாருங்கள். நகரத்தின் குப்பையைப் பல்லாண்டாய்ச் சுமந்தது கொடுங்கையூர். அனல்மின் நிலையத்துச் சாம்பலையும், 2017-லும் 2023-லும் கசிந்த எண்ணெயையும் சுமந்தது எண்ணூர்க் கழிமுகம். இத்தனை பாரம் ஏற்கெனவே தாங்கும் அயலான்மேல் நம் பரணில் கிடந்த பெட்டியின் விஷத்தையும் ஏற்றலாமா? குப்பை பொறுக்கிப் பிழைக்கும் சிறுவனும் நம் ஞானஸ்நானத் தொட்டியில் நின்ற பிள்ளையாய் இருக்கக்கூடும். அவன் வேறு மதத்தவனானாலும் சர்வேசுரனுடைய பிள்ளையே. அவனுடைய சுகத்தைக் கெடுப்பது, பணத்தைத் திருடுவதைவிடச் சிறிய அநியாயம் அல்ல.

ஆதலால், பொருள் நம் வாசலைத் தாண்டியதும் நம் கணக்கு முடிந்துவிடுவதில்லை. நாம் வாங்கிய பொருள் யாருக்கும் தீங்கில்லாத இடம் போய்ச் சேரும்வரை நம்மால் ஆனதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். இதுவே இந்தப் பாடத்தின் சாரம்.

காயலான் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். அவர் உழைத்துப் பிழைக்கிறவர். கையுறையும் பாதுகாப்பும் இல்லாமல் உடைக்கவேண்டிய நிலையில் அவரையும் அவருடைய வேலையாட்களையும் வைத்திருப்பதே அநியாயம்.

5. வேதாகமமும் திருச்சபையும் போதிப்பது

நமதாண்டவர் ஐந்து வாற்கோதுமை அப்பத்தையும் இரண்டு மீனையும் பலுகச்செய்து பெருங்கூட்டத்தைப் போஷித்தார். நினைத்த மாத்திரத்தில் மறுபடியும் அப்பம் உண்டாக்க வல்லவர், மிஞ்சின துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். சேர்ந்தது பன்னிரண்டு கூடை. ஏராளம் இருந்தாலும் வீணாக்க உரிமை இல்லை என்பதை இதனால் அறிகிறோம்.

நம் ராயபுரத்துக்கு அர்ச். இராயப்பரின் பெயரால் அப்பெயர் வந்ததென்பார்கள். அந்த இராயப்பரோடு அழைக்கப்பட்ட செபதேயுவின் குமாரர் யாகப்பரும் அருளப்பரும், ஆண்டவர் கடற்கரையில் கண்டபோது, படகிலிருந்து என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டில் இன்றும் நம் ஆண்கள் உட்கார்ந்து செய்யும் அதே வேலை. கிழிந்த வலையை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது மீனவன் வழக்கமல்ல. கண்ணுக்குக் கண் பார்த்து முடிகிறான். வலைக்குக் கொடுக்கும் அந்தப் பொறுமையை மிக்சிக்கும் போனுக்கும் கொடுக்க நம்மால் ஏன் முடியாது?

அர்ச். பசிலியார் நான்காம் நூற்றாண்டிலேயே, நாம் உபயோகியாமல் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது இல்லாதவனுக்கு உரியது என்ற கருத்தில் பிரசங்கித்தார். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய லவுதாத்தோ சீ நிருபத்தில், பொருள்களை வீசியெறியும் பழக்கமும் ஏழைகளை ஒதுக்கித் தள்ளும் பழக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று காட்டினார். நல்ல கருத்தோடு ஒரு பொருளை எறியாமல் மறுபடி உபயோகிப்பது அன்புச் செயலாகக்கூடும் என்றும் போதித்தார்.

6. வீட்டில் செய்யவேண்டியவை

வாங்குமுன்: இருக்கும் சாமானைப் பழுது பார்க்கலாமா என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். பேட்டரி, சார்ஜர், ரிமோட், ஒரு வயர் மாற்றினால் தீரும் கோளாறு அநேகம். வாங்கியே ஆகவேண்டுமானால், உதிரி பாகமும் பழுது பார்ப்பும் நம் ஊரில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இதற்காகவே மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல், பழுதுபார்க்கும் உரிமை என்ற பெயரில் ஓர் இணைய தளம் திறந்தது.

வைத்திருக்கும்போது: நல்ல நிலையில் இருந்தும் அலமாரியில் உறங்கும் போன் உண்டானால், அதன் பேட்டரி சாகுமுன் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். 2020-ல் பள்ளிக்கூடம் அடைபட்டபோது போன் இல்லாததால் பாடம் இழந்த பிள்ளைகளை மறக்கவேண்டாம். கொடுக்குமுன் உங்கள் படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் அழித்துவிடுங்கள். இதில் பிள்ளைகள் உதவி செய்வார்கள்.

கலியாணம், ஞானஸ்நானம், புதுநன்மை இவைகளின் வீடியோ கேசட்டுகள் பலர் வீட்டில் உள்ளன. இறந்துபோன தாய் தகப்பன் குரல் அதில் இருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டும் டெக்கும் அரிதாகி வருகிறது. நகரிலுள்ள ஸ்டூடியோக்காரர் சிலர் அவைகளைக் கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றித் தருகிறார்கள். தாமதியாமல் இதைச் செய்யுங்கள்.

வெளியேற்றும்போது: பிக்சர் டியூப், பேட்டரி, டியூப்லைட் இவைகளை உடைக்கவும் கொளுத்தவும் வேண்டாம், வீட்டுக் குப்பையோடு சேர்க்கவும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், தான் விற்ற சாமானின் கழிவு முறையாய் மறுசுழற்சியாகப் பொறுப்பேற்பது தயாரிப்பாளர் கடமை என்கின்றன. ஆகவே கம்பெனியின் சேகரிப்பு இடத்தையோ, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரையோ விசாரித்துக் கொடுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து கொடுத்தால் வண்டிக் கூலி குறையும். பங்கின் வாலிபர்கள் இதை ஒரு தர்மமாய் ஏற்கலாம்.

7. பிள்ளைகளோடு படிக்க: வினா விடை

வினா: புதிய சாதனம் வாங்குவது பாவமா?
விடை: அவசியத்துக்கு, சக்திக்குத் தக்கபடி வாங்குவது பாவமல்ல. வீண்பெருமைக்காகக் கடன்பட்டுக் குடும்பத்தை வருத்துவது குற்றம்.

வினா: சாதனம் எத்தனை விதத்தில் பழசாகிறது?
விடை: மூன்று விதத்தில்: தானே தேய்வதால், அதன் துணை நின்றுபோவதால், மனிதர் வேண்டுமென்றே பழசாக்குவதால்.

வினா: பழைய சாதனத்தை விற்றபின் நமக்குப் பொறுப்பு இல்லையா?
விடை: உண்டு. அதனால் அயலானுக்குத் தீங்கு வராதபடி சரியான கையில் சேர்ப்பது நீதிக்கடுத்த கடமை.

வினா: மிஞ்சின அப்பத் துண்டுகளை ஆண்டவர் ஏன் சேர்க்கச் சொன்னார்?
விடை: சர்வேசுரன் தந்த நன்மை எதுவும் வீணாகாதிருக்க.

தீர்மானம்: இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு சேர்ந்ததும் பரணில் உள்ளதை இறக்குங்கள். ஓடுவதைக் கொடுக்க ஒரு பக்கம், ஓட்டக்கூடியதைப் பழுது பார்க்க ஒரு பக்கம், ஓடாததை முறையாய் அனுப்ப ஒரு பக்கம் என்று பிரித்து வையுங்கள். மூன்று பக்கமும் ஒரு மாதத்துக்குள் காலியாகட்டும்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு